கால் ஓரளவு முடிந்தது, கைதான் பாக்கி

2025 ஏப்ரலில் பெய்ஜிங்கில் மனித உருவ ரோபோக்களை (ஹியூமனாய்ட்) ஒரு அரை மராத்தான் ஓடவிட்டார்கள். அந்த வீடியோ வாட்ஸப்பில் சுற்ற ஆரம்பித்ததிலிருந்து ஜூனியர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி. "அக்கா, ரோபாட்டிக்ஸ்ல எம்.டெக் பண்ணலாமா? ஹியூமனாய்ட்தான் பண்ணணும், எங்க சேரலாம்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டித் தட்டி அலுத்துவிட்டது. அதனால் மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், டீயைப் போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

சேரலாம். ஆனால் ஓடுகிற ரோபோவையும் பல்டி அடிக்கிற ரோபோவையும் பார்த்துவிட்டு அதற்காக வராதீர்கள். நீங்கள் படித்து முடித்து வெளியே வருவதற்குள் நடை, ஓட்டம், பல்டி எல்லாம் கடையில் வாங்குகிற சரக்காகிவிடும், பாதி இப்போதே ஆகிவிட்டது. கைதான் யாருக்கும் இன்னும் வசப்படவில்லை. இந்தப் படிப்புக்கு இப்போது வருகிறவர்கள் கைக்காக வரவேண்டும் என்பது என் கட்சி.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. மெக்கானிக்கல் பி.இ., அப்புறம் சென்னையிலேயே ரோபாட்டிக்ஸ் பக்கம் மேற்படிப்பு, இப்போது அம்பத்தூரில் ஒரு ஆட்டோமேஷன் கம்பெனியில் வேலை. மேற்படிப்பில் சேர்ந்தபோது வீட்டில் ஆளுக்கொரு கேள்வி கேட்டார்கள். சம்பளம் எவ்வளவு வரும், வெளிநாடு போகலாமா, இதெல்லாம் பையன்கள் படிப்பாச்சே. பெரியம்மா மட்டும், "ஏம்மா, அந்த ரோபோ பாத்திரம் தேய்க்குமா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். பிறகு இரண்டு வருஷம் படித்து, வைவா வரை போய்வந்ததில், அதைவிடச் சரியான கேள்வியை எந்தப் பேராசிரியரும் கேட்டு நான் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதல் செமஸ்டரில் ரோபோ கண்ணிலேயே படாது. கணக்குதான். லீனியர் அல்ஜீப்ரா, சுழற்சி மேட்ரிக்ஸ், குவாட்டர்னியன், அப்புறம் டெனாவிட்டும் ஹார்ட்டன்பெர்க்கும் 1955-இல் கொடுத்த முறை. ஒவ்வொரு மூட்டுக்கும் நாலே நாலு எண்கள், அதை வைத்துத் தோளிலிருந்து விரல் நுனி வரை எது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கலாம். எழுபது வருஷமாகப் பிள்ளைகள் அதே அட்டவணையைப் போட்டு, ஏதோ ஒரு இடத்தில் கழித்தல் குறியை விட்டுவிட்டு, கை தரைக்குள் போகிறதே என்று விழித்துக்கொண்டிருக்கிறார்கள். அப்புறம் அதையே தலைகீழாகக் கேட்பார்கள்: விரல் நுனி இந்த இடத்துக்கு வரவேண்டும், எந்த மூட்டு எவ்வளவு திரும்பவேண்டும்? இதற்குச் சில சமயம் பல விடைகள் இருக்கும், சில சமயம் விடையே இருக்காது. பிறகு ஜக்கோபியன் என்று ஒன்று வரும், மூட்டுகளின் வேகத்தை விரல் நுனியின் வேகமாக மாற்றுகிற மேட்ரிக்ஸ். அதையே டிரான்ஸ்போஸ் பண்ணிப் பெருக்கினால் விரல் நுனியில் வேண்டிய விசைக்கு ஒவ்வொரு மோட்டாரும் எவ்வளவு டார்க் (திருகுவிசை) கொடுக்கவேண்டும் என்று வந்துவிடும். இதைப் பார்த்த அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே புல்லரித்தது, பக்கத்தில் இருந்த பையன் தூங்கிக்கொண்டிருந்தான். ஜக்கோபியன் மனதில் உட்காராமல் இரண்டாம் செமஸ்டருக்குப் போனவர்கள் கடைசிவரை அடுத்தவர் எழுதிய புரோகிராமை ஓட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

வகுப்பில் மூன்று சாதி இருக்கும். மெக்கானிக்கல்காரர்களுக்குக் கோட் என்றால் கசப்பு, கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்களுக்கு ஸ்பேனர் என்றால் பயம், இ.இ.இ. ஆட்கள் கன்ட்ரோல் தியரி தெரியும் என்று கொஞ்சம் மிதப்பாகத் திரிவார்கள். எம்.டெக் நுழைவுக்கான கேட் தேர்வில் ரோபாட்டிக்ஸ் என்று தனித்தாள் கிடையாது, அவரவர் துறைத் தாளை எழுதித்தான் உள்ளே வருகிறார்கள், அதனால் இந்தக் கலவை எங்கே போனாலும் இருக்கும். நல்லதுதான். மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் எதுவும் நகரும், ஒரு ஆள் தனியாகச் செய்கிற வேலை இது இல்லை.

இன்னொரு பக்கம் 'அறிவு' சம்பந்தப்பட்ட பாடங்கள். கம்ப்யூட்டர் விஷன், மெஷின் லேர்னிங், ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங் (ஆர்.எல்., செய்து பார்த்துத் தப்பிலிருந்து கற்பது), கால்மன் ஃபில்டர். கடைசியாகச் சொன்னதை யாரும் விரும்பிப் படிப்பதில்லை, ஆனால் அதுதான் சோறு போடும். தன் உடம்பு இந்த நொடியில் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதே ரோபோவுக்கு நேரடியாகத் தெரியாது. இடுப்பில் இருக்கிற ஐஎம்யூ (சாய்வையும் அசைவையும் அளக்கிற சென்சார்) ஒன்று சொல்லும், மூட்டின் கோணத்தை அளக்கிற என்கோடர்கள் வேறொன்று சொல்லும், பாதம் தரையில் இருக்கிறதா இல்லையா என்பதே சந்தேகமாக இருக்கும். இத்தனை அரைகுறை சாட்சிகளையும் விசாரித்து ஒரு முடிவுக்கு வருவதுதான் அந்த ஃபில்டரின் வேலை, அதுவும் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை.

சரி, கால் கதைக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் கால் எப்படி முடிந்தது என்று தெரிந்தால்தான் கை ஏன் முடியவில்லை என்பது விளங்கும்.

1973-இல் ஜப்பானில் வசேடா பல்கலைக்கழகத்தில் இச்சிரோ கட்டோ குழு வாபாட்-1 என்கிற முழு மனித உருவ ரோபோவைச் செய்தது. அதற்குச் சில வருஷம் முன்பே, 1960களின் கடைசியில், பெல்கிரேடில் மியோமிர் வுகோப்ரடோவிச் ஒரு யோசனையை வைத்திருந்தார். பாதத்துக்கடியில் தரை கொடுக்கிற எதிர்விசைகள் எல்லாவற்றையும் ஒரே புள்ளியில் வருவதாகக் கணக்குப் போட்டால், அந்தப் புள்ளி பாதத்தின் விளிம்பைத் தாண்டாத வரைக்கும் ரோபோ கவிழாது. ஜீரோ மொமென்ட் பாயின்ட் என்று பெயர். ஹோண்டா 1986-இல் சத்தமில்லாமல் ஆரம்பித்து, 1996-இல் பி2 என்கிற நடக்கும் ரோபோவைக் காட்டி, 2000-இல் அசிமோவைக் கொண்டுவந்தது, எல்லாமே இந்தப் புள்ளியை விளிம்புக்குள்ளேயே வைத்திருக்கும் கலைதான். அசிமோ ஏன் எப்போதும் முழங்காலை மடக்கியே நடக்கும் என்று சின்ன வயதில் யோசித்திருக்கிறேன். காலை நேராக நீட்டிவிட்டால் அந்த ஜக்கோபியன் மேட்ரிக்ஸ் படுத்துவிடும், எந்த மூட்டை எவ்வளவு திருப்புவது என்கிற கணக்கே உடைந்துபோகும், அதனால்தான்.

கஜிதா என்கிற ஜப்பான்காரர் இன்னும் எளிமையாக்கினார். மொத்த உடம்பையும் ஒரே ஒரு கனமான புள்ளியாக நினைத்துக்கொள், அது ஒரு குச்சியின் மேல் நிற்கிறது, அவ்வளவுதான் மாடல். உள்ளங்கையில் துடைப்பக் குச்சியை நிறுத்தி விளையாடியிருப்போமே, அதே கணக்கு. இதற்கு நேரெதிராக, டாட் மெக்கீர் 1990-இல் மோட்டாரே இல்லாத இரண்டு கால் பொம்மை ஒன்று சரிவில் தானாக நடந்து இறங்குவதைக் காட்டினார். எனக்கு அந்தக் கட்டுரை மேல் தனிப் பிரியம் உண்டு. நடை என்பதில் பாதி வேலையை எலும்பின் நீளமும் புவியீர்ப்பும் செய்துவிடுகின்றன, மூளைக்கு அதில் பெரிய பங்கு இல்லை என்று ஒரே அடியில் காட்டிவிட்டார்.

இவ்வளவும் இருந்தும் 2015-இல் கலிபோர்னியாவில் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான தார்ப்பாவின் ரோபோ போட்டி நடந்தபோது ரோபோக்கள் கதவைத் திறக்கப் போய்த் தொபுக்கென்று விழுந்ததை உலகமே பார்த்துச் சிரித்தது. ஜெயித்தது கொரியாவின் டிஆர்சி-ஹூபோ. அது முழங்காலில் சக்கரம் வைத்திருந்தது. நடக்கவேண்டிய அவசியம் இல்லாத இடத்தில் மண்டிபோட்டு உருண்டு போய்விட்டது! இருபது லட்சம் டாலர் பரிசு. பொறியியல் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

பிறகு வந்ததுதான் பெரிய திருப்பம், அது இரண்டு இடத்திலிருந்து வந்தது. ஒன்று மோட்டார். முன்பெல்லாம் சின்ன மோட்டாரும் நூறுக்கு ஒன்று மாதிரிப் பெரிய கியர் குறைப்பும் வைப்பார்கள். பலம் கிடைக்கும், ஆனால் வெளியிலிருந்து தள்ளினால் மூட்டு அசையாது, தரையில் இடித்தது அதற்குத் தெரியவே தெரியாது. அமெரிக்காவின் எம்ஐடியில் சீட்டா ரோபோ செய்த ஆட்கள் அகலமான, டார்க் அதிகமான மோட்டாரைப் போட்டு கியரைக் குறைத்தார்கள். இப்போது மோட்டார் இழுக்கிற கரண்ட்டைப் பார்த்தாலே கால் எதன் மேல் எவ்வளவு அழுத்துகிறது என்று தெரிந்துவிடும். இன்னொன்று சிமுலேஷன். 2019-இல் சூரிச் ஆட்கள் ஆனிமல் என்கிற நாலுகால் ரோபோவுக்குக் கம்ப்யூட்டருக்குள்ளேயே நடை பழக்கி வெளியே இறக்கிவிட்டார்கள். 2021-இல் அதே ஊர்க் குழு ஒரே ஒரு ஜிபியூவில் (கிராஃபிக்ஸ் சிப்) ஆயிரக்கணக்கான ரோபோக்களை ஒன்றாக ஓடவிட்டுச் சமதரை நடையை நாலு நிமிஷத்துக்குள் கற்றுக்கொடுத்தது. கட்டோ குழுவுக்கு வருஷக்கணக்கில் ஆன வேலை. உராய்வு, எடை, தாமதம் எல்லாவற்றையும் சிமுலேஷனில் வேண்டுமென்றே கலைத்துக் கலைத்துப் பழக்கினால் நிஜத் தரையும் அந்தக் கலைப்புகளில் ஒன்று மாதிரித்தான் அதற்குத் தெரியும். இதுதான் சூட்சுமம்.

பெய்ஜிங் ஓட்டத்தில் முதலில் வந்த டியன்கோங் அல்ட்ரா 21 கிலோமீட்டரை 2 மணி 40 நிமிஷத்தில் முடித்தது. நடுவில் பேட்டரி மாற்றினார்கள், ஒரு முறை விழுந்தது. கலந்துகொண்ட இருபத்தொன்றில் முக்கால்வாசி கடைசிவரை வரவில்லை. அதனால்தான் 'ஓரளவு' என்கிறேன். ஆனாலும் பாதை தெரிந்துவிட்டது. இனிமேல் அது மோட்டார் சூடு, பேட்டரி, விலை இவற்றின் பிரச்சனை.

எங்கள் லேபில் இருந்தது முழங்கால் உயர ரோபோ. ரிச்சி தெருவில் வாங்கிய எம்ஜி 996ஆர் சர்வோ மோட்டார்கள், கோணத்தைச் சொன்னால் அந்தக் கோணத்துக்குப் போகும், போனதா இல்லையா என்று திருப்பிச் சொல்லாது. சிமுலேஷனில் ஜம்மென்று நடந்த நடை தரையில் இறக்கினதும் காய்ச்சல் வந்த மாதிரி நடுங்கும். காரணங்கள் ஒவ்வொன்றாகத்தான் வெளியே வந்தன. கியர் பற்களுக்கு நடுவே இருக்கிற லொடலொடப்பு. பேட்டரி இறங்க இறங்க மோட்டாரின் வேகம் குறைவது. கட்டளை போய்ச் சேருவதற்குள் உடம்பு சாய்ந்து முடிந்திருப்பது. எல்லாவற்றையும் ஒருவழியாகச் சரிக்கட்டிய பிறகும் ஒரே பக்கமாகவே போய்க்கொண்டிருந்தது, புரோகிராமில் எங்கே தேடியும் ஒன்றும் இல்லை. கடைசியில் லேப் உதவியாளர்தான் சொன்னார், "பழைய கட்டடம்மா, கழுவிவிட்டா தண்ணி ஓடணும்னு தரைக்கு வாட்டம் வெச்சுருக்காங்க." ரசமட்டம் வைத்துப் பார்த்தோம், உண்மைதான். மே மாதத்தில் ஏசி இல்லாத அந்த அறையில் சர்வோ எரிகிற வாசனை எப்படி இருக்கும் என்பதையும் எந்தப் பாடத்திட்டத்திலும் போடமாட்டார்கள்.

இனி பெரியம்மாவின் கேள்வி.

ஒரு எவர்சில்வர் டம்ளரைத் தேய்ப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் அதைப் பார்க்கவேண்டும். ரோபோக்களில் வருகிற ஆழம் அளக்கும் கேமராக்களில் பலவும் அகச்சிவப்புப் புள்ளிகளை வீசி, அவை எங்கே விழுகின்றன என்று பார்த்துத் தூரத்தைக் கணிக்கின்றன. பளபளக்கிற பாத்திரத்தில் அந்தப் புள்ளிகள் வேறெங்கோ தெறித்துப்போகும். டம்ளர் இருக்கவேண்டிய இடத்தில் படத்தில் ஓட்டைதான் இருக்கும், அல்லது டம்ளரில் பிரதிபலிக்கிற ஜன்னலை ஏதோ பொருள் என்று நினைத்துக்கொள்ளும். வெளிநாட்டு லேப்களின் வீடியோக்களில் வருவது பெரும்பாலும் பீங்கான் கப்பும் பிளாஸ்டிக் தட்டும். நம் வீட்டில்? டபராவுக்குள் டம்ளர், ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்ட இரண்டு டம்ளர், குழி குழியாக ஓட்டை போட்ட இட்லித் தட்டு, அதில் காய்ந்துபோன மாவு. இந்தப் பாத்திரங்களை வைத்து யாராவது முறையாக ஒரு தரவுத் தொகுப்பு செய்தால் அதுவே நல்ல ஆய்வு, இதைச் செய்யச் சென்னைப் பிள்ளைகளை விட்டால் வேறு யாருக்கு வசதி?

பார்த்தாயிற்று, இனி பிடிக்கவேண்டும். காலுக்கும் கைக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் வெளிப்படும். பாதம் தரையைத் தொடுவது எளிமையான தொடுகை. தரை கெட்டியானது, பெரியது, ஓடிப்போகாது, ஒரு நேரத்தில் ஒன்றோ இரண்டோ இடத்தில்தான் படும். கையில் சோப்புத் தண்ணீர் வழிகிற டம்ளர் வழுக்குகிறது, நாருக்கு நிலையான வடிவமே இல்லை, ஐந்து விரலும் உள்ளங்கையும் பத்துப் பன்னிரண்டு இடத்தில் தொட்டுத் தொட்டு விலகுகின்றன. இதையெல்லாம் சிமுலேஷனில் நம்பும்படியாகக் கொண்டுவருவது இன்னும் சிரமம்தான், அதனால் காலுக்கு வேலை செய்த அந்தச் சூட்சுமம் இங்கே பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. போதாக்குறைக்குக் கை போய் டம்ளரைப் பிடித்த உடனே கேமராவுக்கு டம்ளர் மறைந்துவிடும்.

மோட்டார் யோசனையும் இங்கே உதவாது. அகலமான மோட்டாரைத் தொடையில் வைக்கலாம், சுண்டுவிரலில் எங்கே வைப்பது? நம் உடம்பே விரலை இழுக்கும் தசைகளில் பெரும்பகுதியை முன்கையில் வைத்துவிட்டு அங்கிருந்து தசைநாணால்தான் இழுக்கிறது, ரோபோக் கை செய்கிறவர்களிலும் பலர் அதே வழியில் கேபிள் இழுக்கிறார்கள். கேபிள் என்றால் உராய்வு, இழுபட்டு நீள்வது, அறுந்துபோவது.

அப்புறம் தொடு உணர்வு. மனிதனின் ஒரு உள்ளங்கையிலும் அதன் விரல்களிலும் சேர்த்துச் சுமார் 17,000 தொடு உணர்விகள் இருக்கின்றன என்று 1970களிலேயே கணக்கிட்டிருக்கிறார்கள். டம்ளர் நழுவ ஆரம்பிக்கும்போதே, நாம் யோசிப்பதற்கு முன்பே, பிடி இறுகிவிடுகிறது. எம்ஐடியில் பிறந்த ஜெல்சைட் என்கிற சென்சார் எனக்கு ரொம்பப் பிடித்தது. விரல் நுனியில் மெத்தென்று ஒரு ஜெல், அதற்குப் பின்னால் குட்டிக் கேமரா, எதையாவது தொட்டால் ஜெல் எப்படி நசுங்குகிறது என்று படம் எடுத்து அதிலிருந்து விசையைக் கணிக்கிறது. அருமையான யோசனை. ஆனால் சபீனாவும் கம்பி நாரும் போட்டுத் தேய்த்தால் அந்த ஜெல் எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும்.

பெரியவர்கள் எழுதுகிற அறிவுச் சோதனையும் செக்கர்ஸ் ஆட்டமும் கம்ப்யூட்டருக்கு எளிது, ஒரு வயதுக் குழந்தை செய்கிற காரியம் அதற்கு மலை என்று ஹான்ஸ் மொராவெக் 1988-இலேயே எழுதிவிட்டார். சாட்ஜிபிடி காலத்தில் இது மாறிவிட்டது என்று நினைக்கிறவர்கள் உண்டு. 2023-இல் கூகுளின் ஆர்டி-2, 2024-இல் பை ஜீரோ என்று, படத்தையும் வாக்கியத்தையும் கொடுத்தால் கையை நேரடியாக அசைக்கிற மாடல்கள் வந்துவிட்டன, துணி மடிக்கின்றன, மேசை துடைக்கின்றன. நான் இதைக் குறைத்துச் சொல்லவில்லை, அசந்துதான் பார்க்கிறேன். ஆனால் இணையத்தில் கோடிக்கணக்கான வாக்கியம் கிடைக்கிறது, டம்ளரை எவ்வளவு அழுத்திப் பிடிக்கவேண்டும் என்பது எந்தப் பக்கத்திலும் எழுதியில்லை. அதை மனிதர்கள்தான் செய்து காட்டவேண்டும். 2025-இல் கரூரிலிருந்து வந்த செய்தியைப் படித்தீர்களா? தலையில் கேமரா மாட்டிக்கொண்டு இளைஞர்கள் நாள் முழுக்கத் துண்டு மடிக்கிறார்கள், அந்த வீடியோ வெளிநாட்டு ரோபோக்களுக்குப் பாடம். துண்டு நெய்து ஏற்றுமதி செய்த ஊர் இப்போது மடிக்கிற விதத்தையும் ஏற்றுமதி செய்கிறது. அந்தத் தரவை வைத்து மாடல் செய்கிற வேலையும் இங்கேயே நடக்கவேண்டும் என்று ஆசைப்படுவது தப்பா?

கைக்கு வாருங்கள் என்று சொல்வதற்குக் காசும் ஒரு காரணம். யூனிட்ரீ ஜி1 என்கிற சீன ஹியூமனாய்ட் 2024-இல் 16,000 டாலர் என்று வந்தபோது எல்லாரும் துள்ளினார்கள். நம் பணத்தில் 14 லட்சம் போல, சுங்கவரி தனி. சரி, ஏதோ ஒரு டிபார்ட்மென்ட் வாங்கிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அந்த விலைக்கு வருகிற மாடலில் உங்கள் சொந்தப் புரோகிராமை ஓட்ட முடியாது, அதற்குக் கல்விப் பதிப்பு என்று வேறொன்று, அது எக்கச்சக்க விலை. இன்னொரு வேடிக்கை, அடிப்படை மாடலுக்கு விரலே கிடையாது.

மாறாக, எஸ்ஓ-100 என்கிற கையை ஹக்கிங் ஃபேஸ் ஆட்கள் திறந்த வடிவமைப்பாகவே போட்டிருக்கிறார்கள். 3டி பிரிண்டரில் பாகங்களை அச்சடித்து, ஆறு சர்வோ மோட்டார் மாட்டினால் ஒரு கை ரெடி. இரண்டு செய்துகொண்டு ஒன்றை நீங்கள் கையால் ஆட்டினால் மற்றது அப்படியே பின்பற்றும், அப்படித்தான் தரவு சேகரிப்பது. இரண்டுக்கும் சேர்த்து ஒரு நடுத்தர ஸ்மார்ட்ஃபோன் விலைதான். முஜோகோ சிமுலேட்டரை கூகுளின் டீப்மைண்ட் வாங்கி இலவசமாக விட்டுவிட்டது. என் வீட்டு பால்கனி மேசையில் அப்படி ஒரு ஜோடி இருக்கிறது, சாயந்திரங்களில் டம்ளர் எடுக்கப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். பீங்கான் கப் என்றால் எடுத்துவிடுகிறது. எவர்சில்வருக்கு டியூப்லைட்டை அணைத்தால் கொஞ்சம் பரவாயில்லை.

கை முக்கியம் என்றால் மீதி உடம்பு எதற்கு என்று ஒரு நியாயமான கேள்வி வரும். முழு மனித உருவம் வேண்டும் என்பதில் எனக்கும் முழு உடன்பாடு இல்லை. இஸ்ரோ 2020-இல் காட்டிய விண்வெளி ரோபோ வியோமித்ராவுக்குக் காலே கிடையாது, எடையற்ற இடத்தில் கால் எதற்கு. கழிவுநீர்த் தொட்டிக்குள் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதர்களை இறக்கக்கூடாது என்று 2013-இல் சட்டமே வந்த பிறகும் நம் ஊரில் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். ஐஐடி மெட்ராஸில் அதற்காகச் செய்த ஹோமோசெப் இயந்திரம் மனித உருவத்தில் இல்லை, தொட்டிக்குள் போனதும் விரிகிற கத்திகளால் இறுகிப்போன கசடைக் கலக்குகிறது, பிறகு உறிஞ்சி எடுக்கிறார்கள். கேரளாவில் செய்த பேண்டிகூட் வேறொரு வடிவம். மனிதனுக்குப் பதில் இயந்திரத்தை இறக்கவேண்டிய மிக அவசரமான வேலை எதுவோ, அதற்கு மனித உருவம் தேவைப்படவில்லை. வீடு, சமையலறை, ஆஸ்பத்திரி என்று நம் உடம்புக்கு அளவெடுத்துக் கட்டிய இடங்களில் மட்டும்தான் அந்த உருவத்துக்கு நியாயம் இருக்கிறது. அங்கேயும் சக்கரத்தின் மேல் இரண்டு கை வைத்தாலே முக்கால்வாசி போதும் என்பது என் எண்ணம், ஹூபோ சொல்லிக்கொடுத்த பாடம்.

வேலை பற்றி ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் தொழிற்சாலைகளில் வேலியிட்ட கூண்டுக்குள் வெல்டிங் அடிக்கிற ஆறு அச்சுக் கைகள்தான் சென்னையின் ரோபோ உலகம். அதை நிறுவுவது, பிஎல்சியோடு (இயந்திரங்களை இயக்குகிற தொழிற்சாலைக் கம்ப்யூட்டர்) இணைப்பது, கேமரா வைத்துக் குறை கண்டுபிடிப்பது என்றுதான் வேலைகள் இருக்கின்றன, நானும் அதைத்தான் செய்கிறேன். ஹியூமனாய்ட் என்று பெயர் போட்ட வேலை இங்கே அபூர்வம். ஆனால் கற்றது வீணாகவில்லை. பெட்டிக்குள் தாறுமாறாகக் கிடக்கிற போல்ட்டை ரோபோவை எடுக்கவைப்பதும் கைப் பிரச்சனைதான், அதுவும் பளபளக்கிற இரும்புதான்.

எங்கே சேரலாம்? ஐஐடி, பெங்களூர் ஐஐஎஸ்சி என்றால் கேட் மதிப்பெண் வேண்டும், கேட் தகுதியோடு முழுநேரம் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. அண்ணா பல்கலைக்கழகம், அதன் குரோம்பேட்டை எம்ஐடி வளாகம், இணைப்புக் கல்லூரிகள் என்றால் கேட் அல்லது சீட்டா பிஜி நுழைவுத்தேர்வு. படிப்பின் பெயரில் ரோபாட்டிக்ஸ் என்று இருக்கிறதா என்று பார்த்துக் குழம்பாதீர்கள், மெக்கட்ரானிக்ஸ், கன்ட்ரோல், மெஷின் டிசைன் எதில் இருந்தும் வரலாம். சேருவதற்கு முன்பே ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் பி. ரவீந்திரனின் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங் பாடத்தை என்பிடெல் இணையப் பாடத்தளத்தில் பாருங்கள், இலவசம். அவர் முனைவர் பட்டம் செய்தது ஆண்ட்ரூ பார்ட்டோவிடம், கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருதை 2024-க்காக ரிச்சர்ட் சட்டனோடு பகிர்ந்துகொண்ட அதே பார்ட்டோ. இவ்வளவு பக்கத்தில் இருக்கிற ஊற்றை விட்டுவிட்டு யூடியூபில் பதினைந்து நிமிஷத்தில் ஆர்.எல். என்று தேடிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

பணம் கட்டுவதற்கு முன் லேபைப் போய்ப் பாருங்கள். ஹெச்.ஓ.டி. அழைத்துக்கொண்டு போகிற நாளில் வேண்டாம், சாதாரண நாளில், மத்தியான நேரத்தில். ஒரு கல்லூரியில் வெளிநாட்டு ரோபோ ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள், கல்லூரிக்குத் தர மதிப்பீடு போடுகிற நேக் கமிட்டி வரும்போது மட்டும் வெளியே வந்து கைகுலுக்கும். நீங்கள் தேடவேண்டியது திருகாணியெல்லாம் சிதறிக்கிடக்கிற மேசை. அங்கே இருக்கிற இரண்டாம் வருஷ மாணவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள்: ரோபோவை ராத்திரி எட்டு மணிக்கு மேல் தொட விடுவார்களா, பெண்களுக்கும் அதே நேரம்தானா, அப்புறம் ஒரு மோட்டார் எரிந்துபோனால் புதுசு வருவதற்கு எத்தனை வாரம் ஆகும், அந்தக் காசை யார் தலையில் கட்டுவார்கள்.